பெட்டியைவிடக் கம்பி முக்கியம்: படகில் வி.எச்.எஃப். பொருத்தும் முறை

தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்திலும் திரேஸ்புரம், தருவைகுளம், வேம்பார் முதலிய கரைகளிலும் நிற்கும் படகுகளில், எஞ்சினுக்கும் வலைக்கும் கிடைக்கும் கவனத்தில் சிறு பங்கையும் பெறாமல், ஆபத்து வேளையில் அவ்விரண்டையும்விட முக்கியமாகிவிடும் கருவி ஒன்று உண்டு. கரையில் ‘ஒயர்லெஸ்’ என்றும் ‘வாக்கிடாக்கி’ என்றும் சொல்லப்படும் அந்தக் கடல்சார் வானொலி, வி.எச்.எஃப். என்ற பெயரில் உலகெங்கும் கப்பல்களிலும் படகுகளிலும் பயன்படுகிறது. மிக உயர்ந்த அதிர்வெண் என்பதன் சுருக்கமே அப்பெயர். கடற்பயணத்துக்கென ஒதுக்கப்பட்ட 156 முதல் 162 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில் அது இயங்குகிறது. இக்கருவி உண்மையில் எத்தனை மைல் பேசும் என்பதைத் தீர்மானிப்பவை, கடையில் வாங்கி வரும் பெட்டியைக் காட்டிலும், அந்தப் பெட்டியைப் பேட்டரியோடும் ஆன்டெனாவோடும் இணைக்கும் கம்பிகளும், அவை பொருத்தப்படும் விதமும், ஆன்டெனா நிற்கும் உயரமுமே.

கடலில் இருப்பவரின் நிலையைப் பக்கத்தில் இருப்பவர் உடனுக்குடன் அறிய வேண்டும் என்ற தேவை இக்கரைக்குப் புதிதன்று. 1961ஆம் ஆண்டோடு நின்றுபோன தூத்துக்குடி முத்துக்குளிப்பில், கல்லைக் காலில் மாட்டிக்கொண்டு முத்துச்சிப்பிப் படுகையான பாரின் அடிவரை இறங்கிய குளியாளிக்கும் மேலே வள்ளத்தில் நின்றவருக்கும் இடையே இருந்த ஒரே தொடர்பு ஒரு கயிறுதான். அதை இழுத்தால் மேலே தூக்க வேண்டும் என்பதே அவர்களுக்கிடையே இருந்த ஒரே செய்தி. தங்கை விதவையாவதை எந்த அண்ணனும் விரும்பமாட்டான் என்பதால், மனைவியின் உடன்பிறந்தவனான மச்சானிடமே குளியாளி அந்தக் கயிற்றைக் கொடுப்பார் என்று இப்பகுதியில் வழிவழியாகச் சொல்லப்படுகிறது. அந்தக் கயிறு இற்றுப்போகாமல் இருக்கிறதா என்று இறங்கும் முன்பே பார்த்துக்கொண்டவர்களின் கரை இது. வானொலியின் கம்பியையும் அதே கண்ணோடு பார்க்க வேண்டும்.

தரையில் இதற்கு இணையாகச் சொல்லத்தக்கது, அமெரிக்க லாரிகளிலும் பிக்கப் வண்டிகளிலும் பொருத்தப்படும் சி.பி. வானொலியாகும். ‘குடிமக்கள் அலைவரிசை’ என்று பொருள்படும் இந்தச் சேவை, 27 மெகாஹெர்ட்ஸ் பகுதியில் 1958இல் அந்நாட்டில் தொடங்கப்பட்டு, 1973ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடிக் காலத்தில், எந்தப் பங்க்கில் டீசல் கிடைக்கும் என்று லாரி ஓட்டுநர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளப் பயன்பட்டதால் நாடெங்கும் பரவியது. இந்தியாவிலும் இதே பகுதியில் 5 வாட் வரையிலான கருவிகளுக்கு 2005இல் உரிமத்திலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது. ஆயினும், கைப்பேசிக் கோபுரங்கள் சாலைகளை நிறைத்துவிட்ட பிறகு வந்த விலக்கு என்பதால், திரேஸ்புரத்திலிருந்து ஐஸ் பெட்டிகளோடு புறப்படும் குட்டியானை வண்டி எதிலும் சி.பி. ஆன்டெனாவைக் காண முடிவதில்லை. கடலில் நிலைமை வேறு. கரை மறையும்போது கைப்பேசியின் சிக்னலும் மறைந்துவிடுகிறது. மேலும், கைப்பேசி ஒருவரை மட்டுமே அழைக்க, வி.எச்.எஃப். கேட்கும் தூரத்தில் இருக்கும் எல்லாப் படகுகளையும் ஒரே நேரத்தில் அழைக்கிறது. யார் அருகில் இருக்கிறார் என்று தெரியாத இடத்தில் இந்த வேறுபாடு உயிர் காப்பது.

தூத்துக்குடி வானொலி 1053 கிலோஹெர்ட்ஸில் நெடுங்காலம் ஒலிபரப்பிய தமிழ் நிகழ்ச்சிகள் இலங்கை முழுவதும் கேட்டிருக்க, படகிலுள்ள ஒயர்லெஸ் மட்டும் சில மைல்களிலேயே ஏன் நின்றுவிடுகிறது என்ற கேள்வி இயல்பாக எழும். அந்த ஒலிபரப்பு சென்ற மத்திய அலையின் நீளம் ஏறத்தாழ 285 மீட்டர். இத்தகைய நெடிய அலை கடற்பரப்பைத் தழுவியபடி பூமியின் வளைவையும் ஓரளவு பின்பற்றிச் செல்லும். அதை அனுப்பும் நிலையத்தின் ஆற்றலோ லட்சக்கணக்கான வாட். வி.எச்.எஃப். அலையின் நீளம் 2 மீட்டருக்கும் சற்றுக் குறைவு. அது பெரும்பாலும் பார்வையைப் போல நேர்கோட்டில் செல்வதால், தொடுவானத்துக்குச் சற்று அப்பால் சென்றதும் கடலின் வளைவு அதை மறைத்துவிடுகிறது. எனவே பேசக்கூடிய தூரத்தை முதலில் நிர்ணயிப்பது வாட் கணக்கு அன்று; இரு முனைகளிலும் உள்ள ஆன்டெனாக்களின் உயரம்.

இதைக் கணக்கிடுவது எளிது. நீர்மட்டத்திலிருந்து இரு ஆன்டெனாக்களின் உயரத்தையும் மீட்டரில் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் வர்க்கமூலம் கண்டு, இரண்டையும் கூட்டி 4.12ஆல் பெருக்கினால், அலை நேராகச் சென்று சேரக்கூடிய தூரம் கிலோமீட்டரில் கிடைக்கும். இரு வள்ளங்களில் உட்கார்ந்தபடி, நீரிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் கையடக்கக் கருவியைப் பிடித்துப் பேசும் இருவருக்கு இது ஏறத்தாழ 8 கிலோமீட்டர். அதே வள்ளங்களில் 4 மீட்டர் உயரத்தில் ஆன்டெனா நின்றால் தூரம் இரட்டித்து 16 கிலோமீட்டராகிறது. கடல் மைலில் சொன்னால் ஏறத்தாழ 9. விசைப்படகின் கம்பத்தில் 9 மீட்டர் உயரத்தில் ஆன்டெனா இருந்து, கரையில் 36 மீட்டர் கோபுரம் இருந்தால் 37 கிலோமீட்டர் வரை எட்டும். கையடக்கக் கருவி பொதுவாக 5 வாட், படகில் நிலையாகப் பொருத்தும் கருவி 25 வாட். ஆற்றல் ஐந்து மடங்காவதால் ஒலி தெளிவடையுமே தவிர, வளைவுக்கு அப்பால் உள்ளவருக்கு அது பெரிதும் உதவாது. விலை கூடிய பெட்டியை வாங்கி, ஆன்டெனாவை கேபின் சுவரில் தாழ்வாகத் திருகிவைப்பது இதனால்தான் பணத்தைக் கடலில் போடுவதற்குச் சமம்.

ஆன்டெனாவைத் தேர்ந்தெடுக்கும்போது, பிக்கப் வண்டிக்கும் படகுக்கும் உள்ள வேறுபாடு ஒன்றை மனத்தில் கொள்ள வேண்டும். வண்டியின் கூரையில் நிற்கும் கம்பி ஆன்டெனாவின் ஒரு பாதி மட்டுமே. கீழே விரிந்திருக்கும் இரும்புக் கூரை மறுபாதியாக வேலை செய்கிறது. இந்த உலோகப் பரப்பு தரைத்தளம் எனப்படும். 27 மெகாஹெர்ட்ஸில் அலைநீளத்தின் கால் பங்கு 2.75 மீட்டர் ஆகிவிடுவதால், வண்டிகளில் கம்பியைக் குறுக்கி, அடியில் சுருள் வைத்து ஈடுகட்டுகிறார்கள். ஃபைபர் வள்ளத்திலோ மர விசைப்படகிலோ இத்தகைய இரும்புக் கூரை கிடையாது. ஆகவே வண்டிக்கான கால் அலை ஆன்டெனாவைப் படகில் வைத்தால் அது பாதி உறுப்பை இழந்ததாகவே இருக்கும். தரைத்தளம் தேவைப்படாத அரை அலை ஆன்டெனாவே படகுக்கு உரியது. கடல்சார் அலைவரிசையில் அதன் நீளம் ஒரு மீட்டர் அளவே என்பதால் கட்டுவதும் எளிது.

டெசிபெல் என்ற அளவில் குறிக்கப்படும் ‘கெயின்’ எண் பெரிதாக இருந்தால் ஆன்டெனா நல்லது என்ற எண்ணமும் திருத்தப்பட வேண்டியது. ஆன்டெனா ஆற்றலை உண்டாக்குவதில்லை. மேலும் கீழும் வீணாகும் அலையைச் சுருக்கித் தொடுவானத்தை நோக்கித் திருப்புகிறது. முயல் தீவின் கலங்கரை விளக்கமும் ஒளியை இவ்வாறே மெல்லிய தகடாக்கித் தொலைவுக்கு அனுப்புகிறது. ஆனால் அது அசையாத நிலத்தில் நிற்கிறது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் இருபுறமும் சாய்ந்தாடும் வள்ளத்தில் 9 டெசிபெல் ஆன்டெனாவை வைத்தால், அதன் மெல்லிய கற்றை ஒரு சாய்வில் வானத்துக்கும் மறுசாய்வில் தண்ணீருக்கும் போய்விட, எதிரே கேட்பவருக்குப் பேச்சு துண்டு துண்டாகிவிடும். சிறு படகுக்கு 3 டெசிபெல்லே ஏற்றது. ஆட்டம் குறைந்த பெரிய விசைப்படகுக்கு 6 டெசிபெல் பொருந்தும்.

பெட்டியையும் ஆன்டெனாவையும் இணைக்கும் கேபிளில்தான் பெரும்பாலான பிழைகள் ஒளிந்திருக்கின்றன. நடுவில் ஒரு செம்புக் கம்பி, அதைச் சுற்றி வெண்ணிறக் காப்பு, அதன்மேல் பின்னல் வலை, வெளியே கறுப்பு உறை என அமைந்த இது கோஆக்சியல் கேபிள் எனப்படும். தொலைக்காட்சிக்கான கேபிளும் பார்வைக்கு இதுபோலவே இருந்தாலும், அது 75 ஓம் கணக்கில் செய்யப்பட்டது. வானொலிக்கு வேண்டியது 50 ஓம். கையிலிருக்கிறதே என்று டி.வி. கேபிளைப் போடக்கூடாது. 50 ஓம் வகையிலும் தடிமன் முக்கியம். மெல்லிய ஆர்ஜி 58 கேபிளில் 15 மீட்டர் ஓடினால், இந்த அதிர்வெண்ணில் ஆற்றலில் பாதி கேபிளிலேயே கரைந்து, 25 வாட்டில் பன்னிரண்டரை வாட்டே ஆன்டெனாவைச் சேரும். தடித்த ஆர்ஜி 213 கேபிளில் அதே தூரத்துக்கு ஏறத்தாழ 18 வாட் போய்ச் சேரும். இழப்பு ஒரு திசையோடு நிற்பதில்லை; தொலைவிலிருந்து வரும் மெலிந்த குரலும் அதே விகிதத்தில் கேபிளில் தேய்ந்துதான் காதுக்கு வருகிறது.

கேபிளின் முனையில் வரும் பிஎல் 259 கனெக்டர், விரலளவே உள்ள ஒரு பொருள். அதை இறுக்கிப் பிடிக்கும் முறுக்கு வகையைவிட ஈயப்பற்று வைப்பதே கடலுக்கு நிலைக்கும். உறையை அறுக்கும்போது பின்னலின் ஒரு மெல்லிழை தப்பி நடுக்கம்பியைத் தொட்டுவிட்டால் முழுக் கருவியும் பயனற்றுப்போகும் என்பதால், பற்றவைத்த பிறகு மல்டிமீட்டரால் நடுக்கம்பிக்கும் வெளிக்கூட்டுக்கும் இடையே தொடர்பு இல்லை என்று, ஆன்டெனாவில் மாட்டும் முன்பே சோதித்துவிட வேண்டும். பிறகு தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றி மூட வேண்டும். சாதாரண மின்சார டேப் வெயிலில் பிரிந்துவிடும். உப்புநீர் ஒருமுறை பின்னலுக்குள் புகுந்தால், துணியில் எண்ணெய் ஏறுவதுபோல உறைக்குள்ளேயே நெடுந்தூரம் ஏறிச் செல்கிறது. வெளியே புதிதாகத் தெரியும் கேபிளை அறுத்துப் பார்த்தால் உள்ளே செம்பு பச்சை பூத்துக் கிடக்கும். கேபினுக்குள் நுழையும் துளைக்கு முன் கேபிளைச் சற்றுத் தாழ வளைத்துவிட்டால், அதன் வழியே இறங்கும் மழைநீரும் அலைத்துளியும் வளைவிலேயே சொட்டிவிடும்.

மின் இணைப்பிலும் இதே கவனம் வேண்டும். 25 வாட்டில் பேசும்போது கருவி 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 5 முதல் 6 ஆம்பியர் வரை இழுக்கிறது. பேட்டரியிலிருந்து கேபின் 4 மீட்டர் தூரம் என்றால் போகவும் வரவும் 8 மீட்டர் கம்பி. ஒரு சதுர மில்லிமீட்டர் தடிமனுள்ள கம்பியில் 6 ஆம்பியர் ஓடும்போது 0.8 வோல்ட் வழியிலேயே விழுந்துவிடும். 4 சதுர மில்லிமீட்டர் கம்பியில் விழுவது 0.2 வோல்ட்தான். பேட்டரி இறங்கியிருக்கும் இரவில் இந்த வித்தியாசம், மைக்கை அழுத்தியதும் கருவி அணைந்துபோகிறதா, பேசுகிறதா என்பதைத் தீர்மானித்துவிடும். இரு கம்பிகளையும் விளக்குச் சுவிட்சிலிருந்து எடுக்காமல் பேட்டரி முனைகளிலிருந்தே நேராகக் கொண்டுவந்து, பேட்டரிக்கு அருகிலேயே கருவியின் கையேடு சொல்லும் அளவுள்ள பியூஸைப் போட வேண்டும். 24 வோல்ட் எஞ்சின் உள்ள படகுகளில், தொடராக இணைந்த இரு பேட்டரிகளின் நடுவிலிருந்து 12 வோல்ட் எடுத்துக்கொள்ளும் பழக்கத்தைக் கைவிடுவது நல்லது. அதனால் ஒரு பேட்டரி எப்போதும் குறைவாகவும் மற்றது மிகையாகவும் சார்ஜ் ஏறி இரண்டும் விரைவில் கெடும். அதற்கென விற்கும் வோல்ட் மாற்றியே சரியான வழி. கருவியின் ஒலிபெருக்கியில் காந்தம் இருப்பதால் அதைத் திசைகாட்டிக்கு அருகில் பொருத்தக்கூடாது. ஒரு மீட்டர் இடைவெளியாவது வேண்டும்.

அண்மைக் காலத்தில் சேர்ந்த தொல்லை எல்.இ.டி. விளக்குகள். மலிவான விளக்குகளின் உள்ளிருக்கும் மின்சுற்று, இதே அதிர்வெண் பகுதியில் இரைச்சலை உமிழ்கிறது. அமெரிக்கக் கடலோரக் காவல்படை 2018இல் இதுபற்றிப் படகோட்டிகளுக்குத் தனி எச்சரிக்கையே விடுத்தது. படகில் இதைக் கண்டுபிடிக்க எந்தக் கருவியும் வேண்டாம். எல்லா விளக்கையும் அணைத்து, யாரும் பேசாத சேனலில் வைத்து, இரைச்சலை அடக்கும் ‘ஸ்குவெல்ச்’ குமிழை ஒலி நிற்கும் இடம் வரை மட்டும் திருப்ப வேண்டும். பிறகு விளக்குகளை ஒவ்வொன்றாகப் போடும்போது எந்த விளக்கில் இரைச்சல் மீண்டும் எழுகிறதோ அதுவே குற்றவாளி. அதை விட்டுவிட்டு ஸ்குவெல்ச்சை மேலும் திருகி அடக்கினால், இரைச்சலோடு தொலைவிலிருந்து வரும் அபயக்குரலும் அடங்கிவிடும்.

எல்லாம் பூட்டிய பிறகு, எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர் என்னும் சிறு கருவியைப் பெட்டிக்கும் கேபிளுக்கும் இடையே மாட்டி அளந்தால், அனுப்பிய ஆற்றலில் எவ்வளவு ஆன்டெனாவால் ஏற்கப்படாமல் திரும்பி வருகிறது என்பது தெரியும். முள் ஒன்றரையில் நின்றால் 4 சதவீதம், இரண்டில் 11 சதவீதம், மூன்றில் 25 சதவீதம் திரும்புகிறது. இரண்டைத் தாண்டினால் கனெக்டரையும் கேபிளையும் மறுபடி பார்க்க வேண்டும். ஆன்டெனா மாட்டாத நிலையில் மைக் பொத்தானை ஒருபோதும் அழுத்தக்கூடாது. போக வழியற்ற ஆற்றல் கருவியின் இறுதிநிலை டிரான்சிஸ்டரைச் சுட்டுவிடக்கூடும்.

கருவி சரியாக இருந்து, சேனல் ஒழுங்கு குலைந்தால் பயனில்லை. 156.8 மெகாஹெர்ட்ஸில் உள்ள சேனல் 16, உலகெங்கும் அழைப்புக்கும் ஆபத்துக்கும் உரியது. துறைமுகத்துக்கு வரும் சரக்குக் கப்பல்களும் கடலோரக் காவல்படையும் அதைக் கேட்டுக்கொண்டிருப்பதால், இருளில் தன்மீது நேராக வரும் கப்பலை ஒரு விசைப்படகு எச்சரிக்கவும் அதுவே வழி. அதில் அழைத்து, பதில் வந்ததும் படகுகளுக்கிடையிலான 72, 77 போன்ற சேனலுக்கு மாறிவிட வேண்டும். மீன் விலையும் வீட்டுச் செய்தியும் 16இல் பேசத்தக்கவை அல்ல. ஒரே நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும் என்பதால், மைக் கொக்கியிலிருந்து நழுவி வலைக் குவியலுக்கடியில் அழுந்திக் கிடந்தால்கூட, சுற்றியுள்ள பல மைல் கடல் முழுவதற்கும் அந்தச் சேனல் அடைபட்டுப்போகிறது.

ஆபத்தில் ‘மேடே’ என்று மூன்று முறை சொல்ல வேண்டும். ‘எனக்கு உதவுங்கள்’ என்ற பிரெஞ்சுத் தொடரின் ஒலியிலிருந்து 1920களில் உருவான சொல் இது. அடுத்து படகின் பெயரும் பதிவெண்ணும், ஜி.பி.எஸ். காட்டும் இடம், என்ன ஆபத்து, எத்தனை பேர் என்பவற்றை இந்த வரிசையிலேயே நிதானமாகச் சொல்லி, பின்னர் தமிழிலும் சொல்லலாம், ஏனெனில் முதலில் வந்து சேரப்போவது பக்கத்துப் படகாகத்தான் இருக்கும். கேட்ட படகு, கரைக்கு எட்டாத அச்செய்தியைத் தன் ஆன்டெனாவிலிருந்து மறுபடி சொன்னால், 16 கிலோமீட்டர் எல்லை 30 கிலோமீட்டராக நீள்கிறது. இவ்வகையில் கடலில் நிற்கும் படகுகள் எல்லாமே ஒன்றுக்கொன்று கோபுரங்கள். புதிய கருவிகளில் மூடியிட்ட சிவப்புப் பொத்தான் ஒன்றும் உண்டு. அதைச் சில நொடிகள் அழுத்தினால், சேனல் 70 வழியாகப் படகின் ஒன்பது இலக்க அடையாள எண்ணும் இருக்கும் இடமும் எண்வடிவில் தானாகவே போகும். இந்தியக் கலங்களின் எண் 419 என்று தொடங்குகிறது. அந்த எண் பதியப்படாமலும் ஜி.பி.எஸ். இணைக்கப்படாமலும் இருந்தால் அந்தப் பொத்தான் வெறும் அலங்காரம். படகில் வானொலி நிலையம் வைக்க மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் வயர்லெஸ் பிரிவு தரும் உரிமம் தேவை; அடையாள எண்ணுக்கும் அந்த உரிமத்துக்கும் தொடர்பு உண்டு என்பதால், பில் இல்லாமல் கிடைக்கும் கருவியை மலிவென்று வாங்குவது இறுதியில் இழப்பே.

வி.எச்.எஃப். எல்லாவற்றுக்கும் மருந்து என்று சொல்வது நேர்மையாகாது. 2017 நவம்பர் இறுதியில் குமரிக் கடலில் எழுந்த ஒக்கிப் புயலின்போது, கரையிலிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தொலைவில் தங்கல் தொழிலில் இருந்த கன்னியாகுமரி மாவட்டப் படகுகளுக்கு எச்சரிக்கையைக் கொண்டுசேர்க்க அதனால் இயலவில்லை, பலர் திரும்பவேயில்லை. அந்தத் தூரத்துக்குச் செயற்கைக்கோள்தான் வேண்டும். இஸ்ரோ உருவாக்கிய இருவழிச் செய்திக் கருவியை நாடு முழுவதும் ஒரு லட்சம் மீன்பிடிப் படகுகளில் பொருத்தும் திட்டம் 2024 ஆகஸ்ட் 30 அன்று தொடங்கப்பட்டது அதன் விளைவுகளில் ஒன்று. நாள்கணக்கில் ஆழ்கடலில் தங்கும் தருவைகுளம் படகுகளுக்கு அது இன்றியமையாதது. ஆனால் அது குறுஞ்செய்தியை விண்வழியே கரைக்குக் கொண்டுசெல்லும் கருவி. இரண்டு மைல் அப்பால் வலை இழுத்துக்கொண்டிருக்கும் பக்கத்துப் படகின் காதில் குரலாக ஒலிப்பது வி.எச்.எஃப். மட்டுமே. ஒன்று வந்துவிட்டதென்று மற்றதைக் கழற்றிவிடக்கூடாது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையேற்றப்பட்டுப் பலகை மாற்றப்படுகின்றன, வண்ணம் பூசப்படுகின்றன. அந்த நாட்களில் ஒரு பிற்பகலை ஒதுக்கி, ஆன்டெனாவின் அடியிலுள்ள கனெக்டரைத் திறந்து பார்த்து, உள்ளே பச்சை தெரிந்தால் கேபிளைத் தயங்காமல் மாற்றி, மீட்டர் வைத்து அளந்த பிறகே படகைக் கடலில் இறக்க வேண்டும் என்று சம்மாட்டிகளும் ஓட்டுநர்களும் ஒரு விதியாகவே வைத்துக்கொள்ள வேண்டும். கரையில் காத்திருக்கும் வீட்டார், குறித்த நேரத்தில் படகு திரும்பாவிட்டால் அழைக்க வேண்டிய எண்கள் இரண்டு: கடலோரக் காவல்படைக்கு 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமக் காவல்துறைக்கு 1093.